கூலி கேட்ட வரலாற்றாசிரியர்

நேயர்களுக்கு வணக்கம். இத்ரீஸ் பித்லீசி என்ற குர்து இன அறிஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பேரைச் சொன்னாலே அரசியல் சாதனையைத்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கோ அவர் கூலி கேட்ட கதைதான் பிடிக்கும்.

இன்றைய துருக்கியின் கிழக்குப் பகுதியில், ‘வான்’ என்ற ஏரிக்கு மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் பித்லீஸ்தான் அவருடைய பூர்வீகம். அப்பா சூஃபி அறிஞர். மகன் ஈரானின் தப்ரீஸ் நகரத்தில், அப்போது அங்கே ஆண்ட ஆக் கொயுன்லு என்ற துருக்மேன் வம்சத்தின் அரசவையில் கடிதம் எழுதும் உத்தியோகம் பார்த்தார். 1501இல் ஈரானில் சஃபவி வம்சத்தை நிறுவிய ஷா இஸ்மாயில் அந்த நகரத்தைப் பிடித்தார். அவ்வளவுதான், நம்மவர் துருக்கியின் ஓட்டோமான் பேரரசின் பக்கம் போய்விட்டார்.

ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் பாயசீத் தன் வம்சத்தின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதச் சொன்னார். எட்டு சுல்தான்கள், எட்டுப் பாகங்கள். நூலின் பெயரே ‘எட்டு சொர்க்கங்கள்’, ‘ஹஷ்த் பிஹிஷ்த்’. சில வருடங்களில் முடித்தும் கொடுத்தார். ஆனால் பேசிய சன்மானம் முழுதாக வரவில்லை. பாரசீகர்களைக் கொஞ்சம் தூக்கி எழுதிவிட்டார் என்று அரசவையில் முணுமுணுப்பு வேறு. சரி, ஹஜ்ஜுக்காவது போகிறேன் என்றால் அதற்கும் அனுமதியில்லை. முட்டுக்கட்டை போட்ட தலைமை அமைச்சர் 1511இல் இறந்த பிறகுதான் வழி பிறந்தது.

மெக்கா போய்ச் சேர்ந்ததும் சுல்தானுக்கே கடிதம் எழுதுகிறார். கவனியுங்கள், சுல்தானுக்கே! எனக்குச் சேர வேண்டியதைத் தராவிட்டால், என்னை எப்படி நடத்தினீர்கள் என்பதை நூலின் முன்னுரையிலும் முடிவுரையிலும் எழுதிவிடுவேன் என்று மிரட்டல். வாளில்லாத மனிதர். பேரரசரின் புகழ் தன் பேனாவில் இருக்கிறது என்று தெரிந்தவர். இதைவிடத் துணிச்சலான பாக்கி வசூல் எனக்குத் தெரியாது.

1512இல் பாயசீத் பதவியிழந்தார். மகன் செலீம் இவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1514இல் சால்திரான் போரில் செலீமிடம் ஷா இஸ்மாயில் தோற்றார். அப்புறம் குர்து தலைவர்களைச் செலீம் பக்கம் கொண்டுவந்தது இத்ரீஸ்தான். பெயர் எழுதாத, முத்திரையிட்ட வெற்று ஆணைகளையே செலீம் அனுப்பி, நீரே நிரப்பிக்கொள்ளும் என்றார். பாக்கிக்காக மல்லுக்கட்டியவர் கையில் எப்பேர்ப்பட்ட நம்பிக்கை! பல தலைவர்களுக்குத் தங்கள் பகுதியை ஆளும் பரம்பரை உரிமை நிலைத்தது. குர்துகளை ஓட்டோமான்களிடம் விற்றுவிட்டார் என்று திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஏனென்று விரிவாகச் சொல்லலாம்... ஆனால் நேரமாகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

கொள்ளைநோய் பரவும் இடத்தைவிட்டு விலகிப் போகலாம் என்று தனியாக ஒரு நூலும் எழுதியிருக்கிறார். அதற்கு நேரமில்லை. 1520இல் இஸ்தான்புல்லில் காலமானார். செலீமைப் பற்றி அவர் பாதியில் விட்ட வரலாற்றை மகன் அபுல் ஃபஸ்ல் முடித்துவைத்தார். வணக்கம்.