காலைப் பார்க்கும் கண்கள்

அனைவருக்கும் வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈகின்ஸ் 1878-இல் தீட்டிய ‘நடனப் பாடம்’. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் சுமார் 57 செ.மீ., உயரம் 46 செ.மீ. சிறிய நீர்வண்ண ஓவியம்தான். மூன்று கறுப்பின மனிதர்கள்: ஆடும் சிறுவன், உட்கார்ந்து பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கும் இளைஞன், நின்று கவனிக்கும் முதியவர்.

அந்த முதியவரின் பார்வை எங்கே போகிறது? சிறுவனின் காலுக்கு. ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது உடனே புரியும். தாளம் தப்பினால் முதலில் காட்டிக்கொடுப்பது பாதம். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் உயரத் தொப்பியும் கைத்தடியும்.

அன்றைய கேளிக்கை மேடைகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, இதே பாஞ்சோவை வைத்து இம்மக்களைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த இளிப்பு இங்கே துளியும் இல்லை. சுவரின் மூலையில் ஒரு சிறு படம் மாட்டியிருக்கிறது, கவனியுங்கள்: அடிமைமுறையை ஒழித்த அதிபர் ஆபிரகாம் லிங்கனும் மகன் டாடும் சேர்ந்து ஓர் ஆல்பம் பார்க்கிறார்கள். 1864-இல் எடுத்த புகைப்படம் அது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைக்குக் காவலாயிருந்த மத்தியப் படைகள் பின்வாங்கியது 1877-இல். மறு ஆண்டே ஈகின்ஸ் அந்தப் படத்தை இந்தச் சுவரில் மாட்டுகிறார்!

இனி கைவேலை. சிறுவனையும் பாஞ்சோக்காரரையும் முதலில் தனித்தனியே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பார்த்திருக்கிறார். பொதுவாக நீர்வண்ணத்தில் ஒத்திகை பார்த்து எண்ணெய் வண்ணத்துக்குப் போவார்கள், இவர் தலைகீழ். காரணம் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டித் திருத்தலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பூசாமல் விட்ட காகிதம். மூடிவிட்டால் முழுதாகத் திரும்பாது. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈரத் தூரிகை பட்டால் ஓரம் கிளைத்துக் கறை விழும். கருந்தோலை ஒரே அடர்பூச்சில் முடித்தால் கன்னத்தின் உருட்சி செத்துவிடும். மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் ஏற்ற வேண்டும்.

ஆடும் உருவத்தில் இன்னொரு சிக்கல், எடை. கழுத்துக்குழியிலிருந்து நுனியில் கனம் கட்டிய தூக்குநூல் விட்டால் ஊன்றிய பாதத்தை ஒட்டி விழ வேண்டும். மிகவும் விலகினால் ஆடுபவன் தடுக்கி விழுபவனாகத் தெரிவான். பாதம் தரையைத் தொடும் இடத்தில் அடர்ந்த நிழல்கோடு இல்லையென்றால் கால் மிதக்கும்.

ஈகின்ஸிடம் படித்த கறுப்பின ஓவியர் ஹென்றி ஒசாவா டேனர் 1893-இல் ‘பாஞ்சோ பாடம்’ தீட்டினார். அதில் பாஞ்சோ பையனுக்குப் பெரிது. முழங்கால்களுக்கிடையே அவனை நிறுத்தி, வாத்தியத்தின் கழுத்தைப் பெரியவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். மீட்டுவது பையனின் கை.