பேட்டரி 12.6 வோல்ட், ஆனால் டிராக்டர் "டிக்"! ஏன்?

[காட்சி: சாவி திருகப்படுகிறது. "டிக்". மறுபடியும் "டிக்".]

இந்தச் சத்தம் கேட்டதும் புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்! மல்டிமீட்டர் 12.6 காட்டுகிறது, அதாவது முழு சார்ஜ். ஆனாலும் இன்ஜின் அசையவில்லை. பல நேரம் ஒரு முழ ஒயர்தான் காரணம்.

வணக்கம் மக்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். கோயில் திடல், வீட்டுப் பின்கட்டு, சின்னச் செம்பனை நிலம் என்று புல் வெட்ட இந்தப் பழைய டிராக்டர்கள் இங்கே இன்னும் ஓடுகின்றன. பேட்டரி, பியூஸ், சாவி, பாதுகாப்பு சுவிட்சுகள், சொலினாய்டு (சாவி திருகியதும் ஸ்டார்ட்டருக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்): மின்சாரம் போகும் வழி இவ்வளவுதான். சொலினாய்டு பலமாக "டிக்" என்றால் சாவி வரைக்கும் பெரும்பாலும் நல்லபடியாக இருக்கிறது. இனி தடித்த கேபிள்களைப் பிடிப்போம்.

மீட்டர் ஏன் ஏமாற்றுகிறது? அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத மாதிரிதான். கேபிளுக்குள் ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் 12.6 காட்டும். பழைய லயன் வீட்டுக் குழாயை நினைத்துப் பாருங்கள்: துரு அடைத்திருந்தாலும் திறக்காதவரை அழுத்தம் நிற்கும், திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் கேட்கிறது என்று வையுங்கள். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கேயே போய்விடும்!

அதனால் சாவியைத் திருகும்போதே அளக்க வேண்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிளேடு அணைப்பு. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி இன்ஜின் உலோகத்தோடு சேர்த்துவிடுங்கள். மீட்டர் டி.சி. 20 வோல்ட்டில். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் குமிழில், கிளிப்பில் அல்ல, குமிழிலேயே. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். ஒருவர் சாவியைத் திருகட்டும்; ஐந்து விநாடி போதும்.

0.2, 0.3 வோல்ட் என்றால் சரி. 1, 2 என்று ஏறினால், பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயர்தான் காரணம்.

[காட்சி: கேபிள் முனை, மிக அருகில்]

இதைப் பாருங்கள். வெளியே கறுப்பு ரப்பர் பளபளப்பாக இருக்கிறது. முனையை வளைத்தால் நறநறவென்று சத்தம். கீறினால் உள்ளே பச்சைப் பொடி. செம்பு கறுத்துக் கிடக்கிறது. மழை ஒரு பக்கம், உரம் இன்னொரு பக்கம். செம்பனைக்குப் போடும் அமோனியம் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பைத் தின்றுவிடும். உரம் ஏற்றிய அன்றே வண்டியைக் கழுவுங்கள், தயவுசெய்து!

எர்த் நன்றாக இருந்தால் பிளஸ் குமிழுக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் நடுவே அளங்கள், திருகும்போது 0.5க்குள் இருக்கணும். சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே அப்போதும் 12 காட்டினால், "டிக்" வந்தாலும் உள்ளே தொடவில்லை, மாற்றுங்கள். பேட்டரி குமிழ்களிலேயே 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. மேக்னட்டோ வகை இன்ஜினில் தீப்பொறிக்கு பேட்டரியே வேண்டாம். ஃபிளைவீல் காந்தம் போதும். சாவியை அணைத்தால் ஒரு மெல்லிய ஒயர் எர்த் ஆகி, பொறியை நிறுத்துகிறது. அந்த ஒயர் உரசிப் பிய்ந்து சட்டத்தைத் தொட்டால், சாவி போட்டிருந்தும் இன்ஜினுக்கு அது "ஆஃப்"தான்! அதைக் கழற்றிப் பொறி வருகிறதா பாருங்கள். வந்தால் கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோ. திரும்ப மாட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சாவியால் இன்ஜினை நிறுத்த முடியாது.

சீட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை மட்டும் யாரும் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். மேட்டில் ஆள் விழுந்தால் பிளேடை நிறுத்துவது அதுதான்.

சாவி திருகும்போது உங்கள் மீட்டர் என்ன காட்டியது? இன்ஜின் மாடலோடு கீழே எழுதுங்கள், எந்த ஒயர் என்று சேர்ந்தே தேடுவோம்.