நாறிய ஏரி நல்ல தண்ணீரான கதை

நேயர்களுக்கு வணக்கம். நீர்நிலைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது நார்வேயின் மிகப் பெரிய ஏரியான மியோசா.

ஆஸ்லோவிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால், இதன் கரையில் ஹாமார் என்ற ஊர் வரும். 1994 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிக்கட்டித் தளத்தில் வேகச் சறுக்கு ஓட்டம் நடந்த அரங்கம் இங்கேதான், கவிழ்த்துப் போட்ட வைக்கிங் கப்பல் மாதிரி நிற்கிறது. 1567இல் சுவீடன் படை பாழாக்கிய பேராலயத்தின் மிச்சச் சுவர்கள் மழையிலும் பனியிலும் கரைந்துவிடாதபடி, மொத்தத்தையும் கண்ணாடிக் கூரைக்குள் வைத்திருக்கிறார்கள். 1856இலிருந்து ஓடும் ஒரு நீராவிக் கப்பல், பக்கவாட்டுச் சக்கரங்கள் தண்ணீரை அடிக்க, கோடைதோறும் ஊர் ஊராகப் போய்வருகிறது.

சரி, ஏரிக்கு வருவோம். நீளம் 117 கிலோமீட்டர், ஆழம் 400 மீட்டருக்கு மேல். சுற்றிலும் நார்வேயின் வளமான விளைநிலங்கள்: பார்லி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு. அந்த வளமே வினையானது. வயலின் உரம், தொழுவத்துச் சாணநீர், ஊர்களின் சாக்கடை, துணி சோப்புத்தூளின் பாஸ்பேட் எல்லாம் ஏரியில் சேர்ந்தன. இவற்றிலெல்லாம் இருக்கும் பாஸ்பரஸ் என்றால் பாசிக்கு விருந்து. 1976 கோடையில் பாசி மண்டி, குழாயைத் திறந்தால் தண்ணீர் நாறியது.

அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அரசு பணம் ஒதுக்கிக் கழிவுநீர் நிலையங்களைக் கட்டியது. அங்கே ரசாயனம் கலந்து பாஸ்பரஸைப் படியவைத்துப் பிரித்தார்கள். விவசாயிகள் சாணக்குழிகளையும், மாட்டுக்குப் பதப்படுத்தும் புல்லிலிருந்து வடியும் சாற்றையும் கசியாமல் அடைக்க வேண்டியிருந்தது. சோப்புத்தூளும் மாறியது. இந்த ஏரியில் தண்ணீர் முழுதாக மாற ஆறு ஆண்டு போல ஆகும். ஆகவே பொறுமையும் தேவைப்பட்டது. ஆலைக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு, வீட்டையும் வயலையும் விட்டிருந்தால் ஏரி பிழைத்திருக்காது என்பது என் கருத்து.

ஆனால் அடியில் இன்னொரு சங்கதி கிடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பல ஆண்டுகள், வேண்டாத வெடிமருந்துகளை இந்த ஏரியில்தான் கொட்டினார்கள். 2022இல் அவற்றைத் தேடிப் போன ஆய்வாளர்கள், சுமார் 400 மீட்டர் ஆழத்தில் பல நூற்றாண்டுப் பழமையான ஒரு மரக்கப்பலைக் கண்டார்கள். கப்பல் பெரிய செய்தியானது. எனக்கென்னவோ வெடிமருந்துதான் பெரிய செய்தி. ஹாமாரிலும் எதிர்க்கரை யோவிக்கிலும் இன்றைக்கும் இந்த ஏரித் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்! நன்றி, வணக்கம்.