தாத்தா திட்டிய ஓவியர்

அவையோருக்கு வணக்கம். இன்றைக்கு நான் பேசவந்திருக்கும் அமெரிக்க ஓவியர் செஸ்டர் ஹார்டிங் எந்த ஓவியப் பள்ளி வாசலிலும் வளர்ந்தவர் இல்லை. 1792-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்வே என்ற சிற்றூரில் ஏழை வீட்டில் பிறந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். நாற்காலி செய்து பார்த்தார், விடுதி நடத்திப் பார்த்தார். மிஞ்சியது கடன்தான். கடனுக்காகச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, ஊரைவிட்டுப் பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார்.

அங்கே வீடுகளுக்கு வண்ணம் பூசினார், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். ஊர் ஊராகச் சுற்றும் ஓவியர் ஒருவரிடம் பத்து டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் வரையச் சொன்னார். அந்த மனிதரோ, வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூட விடவில்லை. தொழில் ரகசியமாம்! சரி, நாமே செய்து பார்ப்போம் என்று, பெயர்ப்பலகைக்கு வைத்திருந்த அதே வண்ணத்தில் ஒரு பலகையில் மனைவியின் முகத்தை வரைந்தார். சாயல் வந்துவிட்டது. சந்தோஷத்தில் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அப்புறம் கென்டக்கியில், பாரிஸ் என்று பெயர் வைத்திருந்த ஒரு சின்ன ஊர். முகத்துக்கு 25 டாலர். ஆறு மாதத்தில் ஏறக்குறைய நூறு முகங்கள். கணக்குப் போட்டால் இரண்டு நாளைக்கு ஒன்று! புகைப்படம் வருவதற்கு முந்தைய காலம் அது. பெற்றவர்களின் முகம் பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டுமென்றால் இப்படி ஒருவர் வந்து வரைந்தால்தான் உண்டு.

கையில் காசோடு வந்த ஹார்டிங்கை அவருடைய தாத்தா தனியே கூப்பிட்டார். அதற்குள் முகத்துக்கு நாற்பது டாலர் என்று ஆகியிருந்தது. ஒரு பொம்மைக்கு நாற்பது டாலர் வாங்குவது ஏமாற்று வேலைக்குச் சற்றுத்தான் மேல். விட்டுவிட்டு நிலத்தை உழுது மரியாதையாகப் பிழை என்றார். நல்லவேளை, பேரன் கேட்கவில்லை.

பாஸ்டனில் கூட்டம் மொய்த்தது. வாஷிங்டனை வரைந்த கில்பர்ட் ஸ்டூவர்ட்டே, 'ஹார்டிங் காய்ச்சல் எப்படி இருக்கிறது?' என்று விசாரித்தாராம். காட்டுப்புறத்திலிருந்து வந்த, தானே கற்றுக்கொண்ட ஆள் என்ற புதுமைக்காகத்தான் அந்தக் கூட்டம் என்பதை ஹார்டிங் மறைக்கவில்லை. இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 1823-இல் லண்டன் போய் அரசரின் தம்பி சசெக்ஸ் கோமகனை வரைந்தார். திரும்பி வந்தபின் குடியரசுத் தலைவர்களாக இருந்த மேடிசன், மன்றோ, தலைமை நீதிபதி மார்ஷல் என்று பெரிய பெரிய முகங்கள். 1866-இல் காலமானார்.

ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். 1820 ஜூனில், செயின்ட் லூயிஸிலிருந்து நூறு மைலுக்கு மேல் போய், காடு திருத்திக் கென்டக்கிக்கு வழி போட்ட டேனியல் பூன் என்பவரைத் தேடினார். கிட்டப் போகப் போக அவரைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இரண்டு மைல் தொலைவில் ஒருவர், அப்படி யாரும் இல்லையே என்றார். 'ஆற்றோரம் இருக்கிற அந்த நரைத்த கிழவர்தான்' என்று அந்த ஆளின் மனைவி எடுத்துக்கொடுத்தார். மரக்குடிசைக்குள் பூன், துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கும் கம்பியில் மான் இறைச்சியைச் சுற்றி வாட்டிக்கொண்டிருந்தார். காட்டில் எப்போதாவது தொலைந்துபோனதுண்டா என்று ஹார்டிங் கேட்டார். 'தொலைந்ததில்லை. ஒருதடவை மூன்று நாள் திகைத்துத் திரிந்திருக்கிறேன்' என்றார் கிழவர்.

அந்தச் செப்டம்பரில் பூன் இறந்துபோனார். அவரை எதிரில் உட்காரவைத்து வரைந்ததாக நமக்குத் தெரிந்த ஓவியர் ஹார்டிங் ஒருவர்தான்.