பூதத்தின் பல்லும் ஸ்டாப்வாட்சும்

வணக்கம். ஒரு படத்தில் வாயைப் பிளந்து நிற்கிறது ஒரு பூதம். அதன் பற்கள்தான் பட்டை வரைபடம். அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தல்களுக்கு ஆன செலவு 1972 முதல் ஏற ஏற, பல்லும் நீண்டுகொண்டே போகிறது. வரைந்தவர் நைஜல் ஹோம்ஸ் என்ற வரைகலைஞர். இந்த மாதிரி அலங்காரத்துக்கு எட்வர்ட் டஃப்டி என்ற புள்ளிவிவர வரைபட அறிஞர் 1983இல் வைத்த பெயர், வரைபடக் குப்பை.

சரி, குப்பைதானா? கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 20 பேரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஹோம்ஸின் படங்கள் ஒரு பக்கம், அதே எண்களை மொட்டையாக வரைந்தவை இன்னொரு பக்கம். 2010இல் முடிவு வெளியானது. படித்துப் பதில் சொல்வதில் அலங்காரம் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது நினைவில் நன்றாக நின்றவை ஹோம்ஸின் படங்கள். அதிகம் ரசித்ததும் அவற்றைத்தான். 20 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அதை வைத்து எல்லா அறிக்கையிலும் பூதம் வரையக் கிளம்பிவிடாதீர்கள்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. ரசனையை அளப்பது எப்படி? எத்தனை நொடி, எத்தனை தவறு என்று எண்ணுவது சுலபம். "பிடித்ததா?" என்று கேட்டால், வரைந்தவன் எதிரிலேயே நிற்கும்போது யார் இல்லை என்பார்கள்? எண்களைக் காட்ட நான் செய்த ஒரு கணினித் திரையை எல்லோரும் "நல்லா இருக்கு சார்" என்றார்கள். அப்புறம் ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் ஒரு பிடி கொடுத்தார். வேலை திறமையைவிட எளிதென்றால் சலிப்பு, கடினமென்றால் பதற்றம். இரண்டும் ஈடாக இருக்கும்போது நேரம் போவதே தெரியாது. ஆகவே "பிடித்ததா" என்பதை விட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள்.

2005இல் மார்ட்டின் வாட்டன்பெர்க் என்ற வரைபட வடிவமைப்பாளர் குழந்தைப் பெயர்களுக்காக ஓர் இணையப் பக்கம் செய்தார். அமெரிக்காவில் எந்தப் பெயர் எந்தக் காலத்தில் ஓங்கியது, எப்போது மங்கியது என்று காட்டும் பட்டைகள், நீலமும் இளஞ்சிவப்புமாக. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்ட, பொருந்தாத பட்டைகள் விலகி மற்றவை விரியும். பெற்றோர் வருவார்கள் என்று பார்த்தால், குழந்தையே இல்லாதவர்களும் வந்து மணிக்கணக்கில் நோண்டினார்கள். விசித்திரமான பட்டையைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்டிருக்கவில்லை. ஸ்டாப்வாட்சை எப்போது அழுத்துவது, சொல்லுங்கள்?