84 மாத்திரை, 84,000 டாலர், பிரிவு 84 – பினாங்கில் பேசியதன் எழுத்து வடிவம்

அனைவருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து ஓரமாக உட்காருங்கள், மருந்துக் காப்புரிமை பற்றிப் பேசப் போகிறேன், இது கொஞ்சம் நேரம் பிடிக்கும் விஷயம்.

ஹெபடைடிஸ் சி கிருமி கல்லீரலை வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் அரிக்கும். நம் மலேசியாவில் சுமார் 5 லட்சம் பேருக்கு அது இருப்பதாக 2017இல் சுகாதார அமைச்சு சொன்னது. முன்பெல்லாம் இதற்கு இன்டர்ஃபெரான் ஊசி. மாதக்கணக்கில் போட வேண்டும், காய்ச்சலும் சோர்வும் ஆளை முறித்துப் போடும், அப்படிப் போட்டும் எல்லாருக்கும் குணமாகாது. அப்புறம் சோஃபோஸ்புவிர் வந்தது. இன்னொரு மருந்தோடு சேர்த்து தினம் ஒரு மாத்திரை, 12 வாரத்தில் 84 மாத்திரை, பெரும்பாலோருக்குக் கிருமியே போய்விடுகிறது. அருமையான மருந்து, அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை விலையில்தான். 2013 கடைசியில் அமெரிக்காவில் கிலியட் நிறுவனம் அதற்கு வைத்த விலை 84,000 டாலர், அதாவது மாத்திரைக்கு ஆயிரம் டாலர்.

ஆராய்ச்சிக்குச் செலவாகாதா என்று கேட்பீர்கள். ஆகும். இருபது வருடத்துக்கு வேறு யாரும் தயாரிக்க முடியாதபடி காப்புரிமை (பேட்டன்ட்) கொடுப்பதே அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கத்தான். ஆனால் இந்த மருந்தை உருவாக்கியது ஃபார்மாசெட் என்ற சின்ன கம்பெனி. அதைக் கிலியட் ஏறத்தாழ 1,100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விலை எப்படி வைத்தார்கள் என்று அமெரிக்க செனட் நிதிக்குழு விசாரித்து 2015இல் அறிக்கை கொடுத்தது. எத்தனை நோயாளிக்குக் கிடைக்கும் என்பதைவிட எவ்வளவு வருமானம் வரும் என்பதே கணக்காக இருந்தது என்பதுதான் அதன் சாரம். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

சரி, நம் கதைக்கு வருவோம். ஏழை நாடுகளுக்கு மலிவு விலையில் தயாரித்து விற்க கிலியட் இந்தியக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்த நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. நாம் நடுத்தர வருமான நாடாம். பணக்கார நாட்டு விலையைக் கொடுக்கவும் முடியாது, ஏழை நாட்டுச் சலுகையும் கிடையாது, இரண்டுங்கெட்டான் நிலை. என் கணக்கில் மருந்துக் காப்புரிமையில் அதிகம் அடிபடுவது இப்படிப்பட்ட நாடுகள்தான், ஆனால் நம்மைப் பற்றி யாரும் உருகி எழுதுவதில்லை.

நம் கையில் இருந்தது 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு. (மறுபடியும் 84, எண் ஜோதிடம் பார்க்கிறவர்கள் என்னை மன்னிக்கணும்.) பொதுநலனுக்குத் தேவைப்பட்டால், உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்த அமைச்சர் வேறொருவருக்கு அனுமதி தரலாம், உரிமையாளருக்கு நியாயமான தொகை கொடுத்தால் போதும். இதில் கள்ளத்தனம் ஒன்றுமில்லை. உலக வர்த்தக அமைப்பே 2001இல் தோஹா மாநாட்டில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2003இல் எச்ஐவி மருந்துகளுக்காக இதே பிரிவில் இந்தியாவின் சிப்லா மருந்துக் கம்பெனியிடமிருந்து வாங்கினோம், ஆளுக்கு மாதம் 300 டாலருக்கு மேல் இருந்த செலவு 60 டாலருக்குள் வந்தது. 2017 செப்டம்பரில் சோஃபோஸ்புவிருக்கும் அரசு அதையே செய்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அறிவிப்புக்குச் சில வாரம் முன்னால்தான் கிலியட் திடீரென்று மனமிரங்கி மலேசியாவையும் பட்டியலில் சேர்த்தது! அரசு அதற்காகப் பின்வாங்கவில்லை. கதவைத் தட்டிக் கேட்டபோது திறக்காதவர்கள், உடைக்கிற சத்தம் கேட்டதும் திறந்தார்கள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படியே எல்லாரும் செய்தால் புது மருந்து யார் கண்டுபிடிப்பார் என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் காப்புரிமை வாங்குவது எல்லாமே புது மருந்து என்று நினைக்க வேண்டாம். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தில், ஏற்கெனவே தெரிந்த இமாட்டினிப் என்ற வேதிப்பொருளின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி இந்தியாவில் காப்புரிமை கேட்டது. நோயாளிக்குக் கூடுதலாக என்ன பலன் என்று காட்டச் சொன்னது அங்குள்ள சட்டத்தின் 3(ஈ) பிரிவு. காட்ட முடியவில்லை, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பழைய மூலக்கூறுக்குப் புதுச் சட்டை போட்டு வருடங்களை நீட்டுவது ஆராய்ச்சி அல்ல, வக்கீல் வேலை.

ஆராய்ச்சியை வேறு விதமாகவும் செய்யலாம். ரவிடாஸ்விர் என்று இன்னொரு ஹெபடைடிஸ் சி மருந்து. லாபநோக்கற்ற மருந்து ஆராய்ச்சி அமைப்பான டிஎன்டிஐ, எகிப்தின் ஃபார்கோ கம்பெனி, நம் சுகாதார அமைச்சு எல்லாம் கூடி, மலேசியாவிலும் தாய்லாந்திலும் சுமார் 300 நோயாளிகளிடம் சோஃபோஸ்புவிரோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 97 விழுக்காட்டினர் குணமானார்கள். முழு சிகிச்சைக்கும் 300 டாலருக்குள் என்று முதலிலேயே விலை பேசி வைத்துவிட்டுத்தான் வேலையில் இறங்கினார்கள். 2021 ஜூனில் அது இங்கே பதிவானது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னும் ஒன்று, அதோடு கேள்விகளுக்குப் போகலாம். 2022 நவம்பரில் நமக்கு நடைமுறைக்கு வந்த சிபிடிபிபி என்ற பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்தின் மூல வடிவத்தில், காப்புரிமைக் காலத்தை நீட்டுவது, மருந்துச் சோதனைத் தரவுகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருவது போன்ற விதிகள் இருந்தன. அமெரிக்கா விலகியதும் அவற்றை நிறுத்தி வைத்தார்கள், அடித்து நீக்கிவிடவில்லை. உறுப்பு நாடுகள் ஒத்துக்கொண்டால் மறுபடியும் உயிர் பெறும். உங்கள் தொகுதி எம்பியைப் பார்க்கும்போது, அப்படி ஒரு நாள் வந்தால் மலேசியா என்ன சொல்லும் என்று கேட்டு வையுங்கள்.