ப்ரொக்ஸ்மொக்ஸ் கிளஸ்டரில் யாருக்கு எந்த அனுமதி?

வணக்கம் நேயர்களே, ஹட்டனிலிருந்து பேசுகிறேன். ப்ரொக்ஸ்மொக்ஸ் என்பது ஒரு சேர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளால் உருவான கணினிகளை, இயக்கும் மென்பொருள். அதன் கிளஸ்டரின் இணைய இடைமுகத்தில் பயனர்களுக்கு அனுமதி வழங்கும் முறையை இன்று பார்ப்போம்.

டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கற்பிக்கும் ஒரு சிறிய பயிற்சி நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சேர்வர்கள் ஒரே கிளஸ்டராக இணைந்திருக்கின்றன. ஆசிரியரும் மாணவரும் 8006 ஆம் போர்ட்டில் திறக்கும் அதே பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். எல்லோருக்கும் ரூட் எனும் முழு அதிகாரமுள்ள கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். நாளைக்கு ஒரு மெய்நிகர் இயந்திரம் அழிக்கப்பட்டால் பதிவில் ரூட் என்ற ஒரே பெயர்தான் இருக்கும். யாரைப் போய்க் கேட்பது?

இடப்பக்கம் டேட்டாசென்டரைத் தெரிவுசெய்து, பெர்மிஷன்ஸ் என்பதற்குக் கீழே உள்ள யூசர்ஸ் பகுதியில் புதிய பயனரைச் சேர்க்கிறேன். கணக்கை எங்கே சரிபார்ப்பது என்பதைக் குறிக்கும் ரியல்ம் என்ற இடத்தில் பாம், பிவிஇ என இரண்டு தெரிவுகள் தெரிகின்றன. பாம் பயனர் ஒரு லினக்ஸ் பயனர் என்பதால், அவரை மூன்று சேர்வர்களிலும் தனித்தனியே உருவாக்க வேண்டியிருக்கும். பிவிஇ பயனரின் விவரமோ கிளஸ்டர் முழுவதும் தானாகவே பகிரப்படுகிறது. மாணவர்களுக்கு அதுவே போதும்.

அடுத்து, மாணவர் என்றொரு குழுவையும் பயிற்சி என்றொரு பூலையும், அதாவது இயந்திரங்களின் தொகுப்பையும், உருவாக்கி, மாணவர்கள் தொடவேண்டிய இயந்திரங்களை மட்டும் அந்தப் பூலில் சேர்த்துவிடுங்கள். பின்னர் பெர்மிஷன்ஸ் பக்கத்துக்குத் திரும்பி, பாதையாக (அனுமதி செல்லுபடியாகும் இடம்) அந்தப் பூலையும், குழுவாக மாணவரையும், பொறுப்பாக (உரிமைகளின் தொகுப்பு, ரோல்) பிவிஇ-விஎம்-யூசரையும் கொடுத்தால், அவர்கள் இயந்திரத்தை இயக்கலாம், நிறுத்தலாம், அதன் திரையான கொன்சோலைத் திறக்கலாம். ஆனால் அதன் நினைவக அளவையோ வட்டையோ மாற்ற முடியாது. அவற்றையும் மாற்றவேண்டிய உதவி ஆசிரியருக்கு அதே பாதையில் பிவிஇ-விஎம்-அட்மின் பொருத்தமானது.

பலரும் தடுமாறுவது இனிவரும் இடத்தில்தான். குழுவில் உள்ள ஒரு மாணவருக்கு, கூடுதலாக இருக்கட்டுமே என்று, அதே பூலில் அவர் பெயருக்கே பிவிஇ-ஓடிட்டர் பொறுப்பையும் கொடுக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஒரே பாதையில் தனிநபருக்குக் கொடுத்த அனுமதி, குழுவின் வழியாக வந்ததை நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. ஓடிட்டர் பார்ப்பதற்கு மட்டுமே உரிய பொறுப்பு. ஆகவே அதுவரை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவந்த அந்தப் பிள்ளைக்கு இனி அது பயன்படாது. அதுபோலவே, மேல்மட்டப் பாதையில் வழங்கி ப்ரொபகேட் (கீழ்மட்டங்களுக்கும் பரப்பு) எனக் குறியிட்ட அனுமதி கீழே இறங்கும்; கீழ்மட்டத்தில் வேறொன்று எழுதப்பட்டிருந்தால் அங்கே அதுவே செல்லும். தனிநபர் அனுமதிகளை இயன்றவரை தவிர்த்து எல்லாவற்றையும் குழுக்களின் வழியே செய்வதுதான், என் கருத்தில், ஒழுங்கான வழி. சந்தேகம் வந்தால் யூசர்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைத் தெரிவுசெய்து மேலே உள்ள பெர்மிஷன்ஸ் பொத்தானை அழுத்துங்கள்; எந்தப் பாதையில் இறுதியாக என்ன உரிமை இருக்கிறது என்பது அங்கே விரியும்.

இடிமின்னல் காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றில் இரண்டு சேர்வர்கள் நின்றுவிட்டால் கிளஸ்டர் பெரும்பான்மையை இழக்கிறது. அந்த நேரத்தில் அமைப்புக் கோப்புகள் வாசிக்க மட்டுமே கிடைக்கும் என்பதால் எந்த அனுமதியையும் மாற்ற இயலாது. அது பழுதன்று, பாதுகாப்பு. இன்னொரு சேர்வர் எழுந்து இணைந்ததும் வழமைக்குத் திரும்பும்.

பயனரைச் சேர்க்கும்போதே எக்ஸ்பயர் என்ற கட்டத்தில் பாடநெறி முடியும் திகதியை இட்டுவிடுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு அந்தக் கணக்கினால் உள்நுழைய முடியாது. படித்துவிட்டுப் போனவர்களின் பெயர்களைத் தேடித்தேடி முடக்கும் வேலையும் உங்களுக்கு இல்லை.